தசைக் களைப்பு நோய்

களைப்பு என்னும் சொல்லை நாம் மிகத் தாராளமாக வழங்குகிறோம். பத்துக் கல் தொலைவு நடந்தவனும் களைத்தேன் என்கிறான்; பத்துப் பக்கம் படித்தவனும் களைத்தேன் என்கிறான்; படிக்க மனமில்லாதவனும் அதே சொல்லைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். உடல் உழைத்ததால் வரும் அயர்வு வேறு; உள்ளம் சலித்ததால் வரும் சோர்வு வேறு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது களைப்பு ஒன்று உண்டு. அதில் உள்ளம் ஊக்கமாகவே இருக்கும். உடல் கடுமையாக உழைத்திருக்கவும் வேண்டுவதில்லை. கண்ணிமையைத் திறந்து வைத்திருத்தல், உணவை மெல்லுதல், சிறிது நேரம் உரக்கப் படித்தல் ஆகிய எளிய செயல்களே போதும். அந்தந்தத் தசை வலிவிழந்து நின்றுவிடும். சற்று ஓய்ந்திருந்தால் இழந்த வலிவு திரும்பும். மறுபடி உழைத்தால் மறுபடி போகும். விந்தையான இந்தக் களைப்பைப் பற்றியே மாணவ அன்பர்களாகிய உங்களுக்கு இன்று கூற எண்ணுகிறேன்.

மருத்துவர்கள் இதற்கு இட்ட பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ் என்பது. மயஸ்தீனியா என்பது கிரேக்கச் சொற்களால் ஆகியது. தசையின் வலுக்குறைவு என்று பொருள்படும். கிரேவிஸ் என்பது இலத்தீன் சொல். கடுமையானது என்பது அதன் பொருள். பெயர் வைத்த காலத்தில் அந்த அடைமொழி பொருத்தமாகவே இருந்தது. நோயுற்றவர்களுள் பலர் சில ஆண்டுகளுக்குள் மூச்சுத் தசைகள் ஓய்ந்து இறந்தனர். இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழில் இதனைத் தசைக் களைப்பு நோய் என்று இப்பேச்சில் வழங்குவேன்.

பெரும்பாலும் இந்நோய் கண்ணில் தொடங்குகிறது. காலையில் இரு கண்களும் செவ்வையாகத் திறந்திருக்கும். பொழுது ஏற ஏற ஒரு கண்ணின் மேலிமை தாழ்ந்து வரும். சிலருக்கு இரண்டு இமைகளும் தாழும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகிவிடும். பின்னர் முகத்தசைகள் தளரலாம். அப்பொழுது சிரித்தாலும் சிரிப்பு முகத்தில் முழுமையாக வராது. உணவு உண்ணத் தொடங்கும்போது எளிதாக மெல்லுபவர் பாதி உணவில் தாடை ஓய்ந்து, கையால் மோவாயைத் தாங்கிக்கொள்வார். நீர் அருந்தினால் மூக்கு வழியே வரும். தலைவாருவதற்குக் கையை உயர்த்தினால் கை தானே இறங்கும். மாடிப்படியில் முதற் பத்துப் படிகள் எளிதாகவும் அடுத்த பத்துப் படிகள் மலையாகவும் தோன்றும். இவ்வளவுக்கும் வலி கிடையாது, உணர்ச்சி குறைவதில்லை, அறிவும் நினைவும் சிறிதும் பழுதுபடுவதில்லை. கண்ணின் மணி வழக்கம்போல் சுருங்கி விரியும்.

வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, காலையில் நலமாக இருந்தவர் மாலையில் முடியவில்லை என்கிறார் என்றால் உலகம் அவரைப் பற்றி என்ன எண்ணும்? நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். செய்யுளை இசையோடு படிப்பதில் வல்லவர். முதற் பாடவேளையில் அவர் குரல் கணீரென்று ஒலிக்கும். ஓர் ஆண்டு, நான்காம் பாடவேளையில் அந்தக் குரல் மூக்கொலியாக மாறித் தேயத் தொடங்கியது. மாலையில் கடைத்தெருவில் பேசும்போது நாக்குக் குழறிற்று, இமையும் தாழ்ந்திருந்தது. அவர் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று ஊரார் பேசிக்கொண்டனர். வாழ்நாளில் மதுவின் பக்கமே செல்லாதவர் அவர். பேச்சு அவர் காதில் விழுந்தபின் மாலையில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் மருத்துவரிடம் சென்ற இடத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. அந்த மருத்துவர் அவரைக் கூரையைப் பார்த்தபடியே சிறிது நேரம் இருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இமை திரைச்சீலைபோல் இறங்கிற்று. கண்ணை மூடி ஓய்ந்திருந்தபின் மீண்டும் ஏறிற்று. உடனே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். மருந்தும் முறையான ஓய்வும் கொண்டு அவர் ஓய்வு பெறும் வயதுவரை பாடம் நடத்தினார். ஊரார் அவரைப் பற்றிப் பேசியதை மட்டும் எவரும் வந்து திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

இனி, தசை நம் கட்டளைக்கு எங்ஙனம் பணிகிறது என்பதைக் காண்போம். மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் நரம்பின் வழியே மின்தூண்டல் ஓடி வருகிறது. நரம்பு தசையோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறு செய்தால் ஒரு கூறு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவே அதன் அகலம். அத்துணைச் சிறிய இடைவெளியாயினும் மின்தூண்டல் அதனைத் தாண்டுவதில்லை. ஆற்றங்கரை வரை வண்டியில் வந்த கடிதம் ஓடத்தில் ஏறி அக்கரை சேர்வதைப்போல, இங்கே செய்தி வேறோர் ஊர்தியில் ஏறுகிறது. நரம்பின் நுனியிலே நுண்ணிய பைகளில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நிரம்பியிருக்கிறது. தூண்டல் வந்ததும் பைகள் உடைந்து அப்பொருள் இடைவெளியில் பரவுகிறது. எதிர்க்கரையாகிய தசையின் மேற்பரப்பில் அதனைப் பெற்றுக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் என்னும் புரத அமைப்புகள் நெருக்கமாக அமைந்துள்ளன. பூட்டில் திறவுகோல் பொருந்துவதுபோல் அசிட்டைல்கோலின் அவற்றில் பொருந்தியதும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அவ்விடத்தேயுள்ள நொதி ஒன்று அப்பொருளைச் சிதைத்துவிடுகிறது. இல்லையேல் ஒருமுறை சுருங்கிய தசை அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாக இராது.

ஒரே செயலை விரைந்து பலமுறை செய்யும்போது, நரம்பு நுனி வெளியிடும் அசிட்டைல்கோலின் முறைக்கு முறை சிறிது குறைகிறது. இது நோயாளிக்கு மட்டும் உரியதன்று. நம் எல்லோருக்கும் அப்படியே. ஆயினும் நாம் அதனை உணர்வதில்லை. ஏன்? தேர்த்திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஒரு தேர் அசைய நூறு பேர் வேண்டும் என்று கொள்வோம். வடத்தைப் பிடித்திருப்பவர் முந்நூறு பேர். அவர்களுள் ஐம்பது பேர் கைசோர்ந்து விலகினாலும் தேர் ஓடிக்கொண்டே இருக்கும். வடம் பிடிக்க வந்தவர்களே நூற்றிருபது பேர்தாம் என்றால்? தேர் முதலில் புறப்படும். முப்பது பேர் விலகியதும் நிலைகொண்டுவிடும். அந்த முப்பது பேர் நிழலில் அமர்ந்து மோர் குடித்துவிட்டு வந்தால் மீண்டும் நகரும். உடல் நலமுடையவரின் தசையில் தேவைக்கு மிஞ்சிய ஏற்பிகள் உள்ளன. தசைக் களைப்பு நோயில் ஏற்பிகள் குறைந்துபோனமையால் அந்த மிகுதி இல்லை. அதனால்தான் முதல் முயற்சி இயலுகிறது. பத்தாவது முயற்சி தவறுகிறது. ஓய்வுக்குப் பின் மீண்டும் இயலுகிறது. கண்ணை அசைக்கும் தசைகள் ஓயாமல் விரைந்து தொழிற்படுவன. அவற்றின் சந்திப்புகளில் மிகுதியும் இயல்பாகவே குறைவு. நோய் அங்கே முதலில் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம் என்பர்.

ஏற்பிகளைக் குறைத்தது யார்? நம் உடலே. அம்மைக் கிருமியையும் சளிக் கிருமியையும் எதிர்ப்பதற்காகக் குருதியில் எதிர்ப்பொருள்கள் என்னும் புரதங்கள் உண்டாகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பகைப்பொருளையே பற்றும். இந்நோயில் சில எதிர்ப்பொருள்கள் தசையின் ஏற்பிகளைப் பகையென்று கருதிப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய இடத்தில் அசிட்டைல்கோலின் பொருந்த இயலாது. பற்றப்பட்ட ஏற்பிகளைத் தசை விரைவில் உள்ளிழுத்து அழித்துவிடுகிறது. அன்றியும், குருதியிலுள்ள வேறு புரதங்கள் அவ்விடத்தே கூடித் தசையின் மேற்பரப்பையே அரிக்கின்றன. வேலி பயிரை மேய்ந்த கதை என்று நம் நாட்டார் சொல்வது இதற்கு மிகவும் பொருந்தும். தன்னையே தாக்கும் இத்தகைய நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர்.

இந்தக் குழப்பத்தில் தைமஸ் என்னும் சுரப்பிக்கும் பங்கு உண்டு. மார்பெலும்புக்குப் பின்னே இருக்கும் இது குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்குவது. எதிர்ப்பாற்றல் அணுக்களுள் ஒரு வகையினவற்றுக்கு இது பள்ளிக்கூடம் என்றே கூறலாம். தன்னுடையது எது, அயலது எது என்று பிரித்தறியும் பயிற்சி அங்கேதான் நடைபெறுகிறது. தேறாத அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. (பள்ளிக்கூட உவமை இந்த இடத்தில் நிற்பதே நலம்!) நோயுற்ற இளைஞர் பலரிடத்தில் இச்சுரப்பி சுருங்காமல் பருத்துக் காணப்படுகிறது, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அதில் கட்டி இருக்கிறது.

இவையனைத்தும் எளிதில் அறியப்பட்டவை அல்ல. இங்கிலாந்து நாட்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இல் வெளியிட்ட நூலில் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியுள்ளார். அவள் சிறிது நேரம் தடையின்றிப் பேசுவாள். நெடுநேரம் பேசியபின் ஒரு சொல்லும் வராது. ஓரிரு மணி கழித்துப் பேச்சு மீளும். அதன்பின் இருநூறு ஆண்டுகள் இதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1895இல் பெர்லின் நகரத்து மருத்துவர் பிரீட்ரிக் யோலி, நோயாளியின் தசையை மின்சாரத்தால் அடுத்தடுத்துத் தூண்டிப் பார்த்தார். முதல் தூண்டலுக்கு நன்கு சுருங்கிய தசை வரவரக் குறைவாகச் சுருங்குவதைக் கண்டார். மனம் கட்டளையிடாத நிலையிலும் தசை களைக்கிறது என்றால் அது பாசாங்காக இருக்க முடியாது அன்றோ? நோய்க்குப் பெயரிட்டவரும் அவரே.

மருந்து கிடைத்த வரலாறு இன்னும் சுவையானது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே என்னும் நஞ்சு, விலங்கைத் தசை தளரச் செய்து வீழ்த்துவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் குளோது பெர்னார் அதனைத் தவளைக்குச் செலுத்தி ஆராய்ந்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டினால் அசைந்தது. ஆகவே, இரண்டும் கூடும் இடத்தில்தான் நஞ்சு வேலை செய்கிறது என்று முடிவு கண்டார். லண்டன் கிரீனிச்சில் புனித அல்பீஜ் மருத்துவமனை என்ற ஏழையர் மருத்துவமனையில் மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர் பணிபுரிந்தார். உயர் பதவியில் இருந்தவர் அல்லர். தசைக் களைப்பு நோயின் தோற்றம் குராரே நஞ்சின் விளைவை ஒத்திருக்கிறதே, அப்படியானால் குராரேயின் மாற்று மருந்து இங்கும் பயன்படாதா என்று அவர் சிந்தித்தார். அந்த மாற்று மருந்து பைசோஸ்டிக்மின் என்பது. அதுவும் ஒரு நஞ்சுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டவரை உண்ணச் செய்து, பிழைத்தால் குற்றமற்றவர் என்று தீர்ப்புக் கூறுவதற்குப் பயன்படுத்திய அவரையிலிருந்து எடுத்தது. 1934இல் மேரி வாக்கர் அதனை நோயுற்ற ஒரு பெண்மணிக்கு ஊசி வழியே செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை உயர்ந்தது; கை வலிவு பெற்றது; விழுங்குதல் எளிதாயிற்று. சில மணி நேரத்தில் அந்த நலம் மறைந்தது உண்மையே. ஆயினும், நெடுங்காலம் கைகட்டி நின்ற மருத்துவம் முதல் முறையாக ஒரு வழியைக் கண்டது. அடுத்த ஆண்டில் நியோஸ்டிக்மின் என்னும் மருந்தை அவர் பயன்படுத்தி இன்னும் நல்ல பயன் கண்டார். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இம்மருந்துகள் தடுக்கின்றன. அதனால் உள்ள அசிட்டைல்கோலின் சற்று நெடுநேரம் நின்று, உள்ள ஏற்பிகளிலேயே மீண்டும் மீண்டும் பொருந்துகிறது. நரம்புச் செய்தி வேதிப்பொருள் வழியே கடப்பதை ஆராய்ந்த ஹென்றி டேல், ஆட்டோ லோவி ஆகிய இருவருக்கும் 1936இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த இடத்தில் நம் வயல்வெளிகளில் திரியும் நாகப்பாம்பையும் நினைவுகூர வேண்டும். நாகம் தீண்டியவருக்கு முதலில் இமை தாழும், பார்வை இரட்டிக்கும், நாக்குக் குழறும், பின்பு மூச்சு தடைப்படும். தசைக் களைப்பு நோயில் மாதக்கணக்கில் நிகழ்வது இங்கே சில மணியில் நிகழ்கிறது. காரணம், நாகத்தின் நஞ்சிலுள்ள சிறு புரதங்கள் அதே அசிட்டைல்கோலின் ஏற்பிகளையே அடைத்துக்கொள்வதாகும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குரிய நச்சுமுறியோடு நியோஸ்டிக்மினும் கொடுப்பது இதனால்தான். நம் கட்டுவிரியனின் உறவினமாகிய தைவான் நாட்டுப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து 1963இல் அறிஞர் பிரித்தெடுத்த ஒரு புரதம் ஏற்பியை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் தன்மை வாய்ந்தது. அதனைக் கொண்டே ஏற்பிகளை எண்ண முடிந்தது. 1973இல் அமெரிக்க அறிஞர்கள் அவ்வாறு எண்ணிப் பார்த்தபோது, நோயாளிகளின் தசைச் சந்திப்புகளில் இயல்பான அளவில் 11 முதல் 30 விழுக்காடு ஏற்பிகளே எஞ்சியிருக்கக் கண்டனர். அதே ஆண்டில் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர், மின் விலாங்கு மீனிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்கு ஊசி வழியே செலுத்தினர். முயல்களின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிற்று; முயல்கள் தளர்ந்து விழுந்தன. உடலின் எதிர்ப்பாற்றலே இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று 1960இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் சிம்சன் கூறியிருந்த ஊகம் இவ்வாறு மெய்ப்பட்டது. நோயுற்ற தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுள் சில, பிறந்த சில நாட்கள் பால் குடிக்கவும் அழவும் வலுவின்றி இருந்து, சில வாரங்களில் தாமாகவே நலமடைவதும் இதனால் விளங்கிற்று. தாயின் குருதியிலிருந்து வந்த எதிர்ப்பொருள் தேயத் தேயக் குழந்தை தேறுகிறது.

இந்நோய் தொற்றுவதன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, அருகில் அமர்வதாலோ வராது. தாய் தந்தையரிடமிருந்து நேரே வழிவழியாக இறங்குவதும் அன்று. எந்த வயதிலும் வரலாம். எனினும் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களிடத்திலும், அறுபதைக் கடந்த ஆண்களிடத்திலும் மிகுதியாகக் காணப்படுகிறது. இந்தித் திரைப்பட நடிகர் அமிதாப் பச்சன் 1980களில் தமக்கு இந்நோய் வந்ததை மறைக்காமல் வெளியிட்டார். அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் நடித்திருக்கிறார். கண்ணில் மட்டும் தொடங்கும் நோய் பரவுவதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பரவிவிடும். அதற்குமேலும் கண்ணளவில் நின்றால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

நோயை உறுதி செய்யும் சோதனைகளுள் ஒன்று எவருக்கும் வியப்பளிக்கும். தாழ்ந்த இமையின்மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் இமை சற்று உயர்ந்து நிற்கும். குளிர்ச்சியில் அந்த நொதியின் வேகம் குறைவதே இதற்கு முக்கிய காரணம் என்பர். இதன் மறுபுறமும் உண்மை: வெப்பத்தில் நோய் கூடும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் இந்நோயாளிகள் படும் துன்பம் குளிர்நாட்டு நூல்களைப் படித்து அறியக்கூடியதன்று. உறுதியான சான்று தருவது குருதிச் சோதனை. உடல் முழுவதும் பரவிய நோயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் அளவில் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்படும். எஞ்சியவர்களுள் சிலருக்கு மஸ்க் என்னும் வேறொரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டு. இது 2001இல் கண்டறியப்பட்டது. யோலி செய்ததுபோன்ற மின்தூண்டல் சோதனை, நுட்பமான கருவிகளுடன் இன்றும் செய்யப்படுகிறது. தைமஸ் சுரப்பியைக் காண மார்பை ஸ்கேன் எடுப்பர்.

மருத்துவம் இரு வகைப்படும். ஒன்று, அவ்வப்போதைய வலுவுக்கு உதவுவது. இன்று பெரிதும் வழங்குவது பைரிடோஸ்டிக்மின் மாத்திரை. உட்கொண்ட அரைமணி முதல் ஒரு மணிக்குள் வேலை தொடங்கும். மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். இது நோயின் வேரைத் தொடுவதில்லை. ஒன்று நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லதன்றோ என்று கருதித் தாமே அளவை உயர்த்துவோர் உண்டு. மிக ஆபத்தான செயல் அது. அசிட்டைல்கோலின் அளவு கடந்து தேங்கினால் வயிற்றுவலியும் பேதியும் உமிழ்நீர்ப் பெருக்கும் உண்டாவதோடு, தசை மேலும் தளர்ந்துவிடும். மற்றொரு வகை, எதிர்ப்பாற்றலை அடக்குவது. பிரட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டுகள், அசாத்தையோபிரின் முதலியவை இவ்வகையின. ஸ்டீராய்டு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் நோய் கூடுவதுபோல் தோன்றலாம். ஆகவே மருத்துவரின் கண்பார்வையில் தொடங்க வேண்டும். நிறுத்துவதும் அவர் சொற்படி படிப்படியாகவே. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுதல், எலும்பு மெலிதல் ஆகிய தொல்லைகளைக் கருதி இடையிடையே சோதனை செய்துகொள்ள வேண்டும். அசாத்தையோபிரின் பயன் தெரிய ஓராண்டும் ஆகலாம். பொறுமை இழந்து விட்டுவிடுவோர் பலர்.

தைமஸ் சுரப்பியை அறுத்தெடுத்தலும் ஒரு வழி. கட்டி இருந்தால் எடுத்தே தீர வேண்டும். கட்டி இல்லாதவர்க்கும் பயன் உண்டா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. பல நாடுகளில் 126 நோயாளிகளை மூன்று ஆண்டுகள் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் உடையவர்க்கு அறுவை மருத்துவம் நலம் தருகிறது, ஸ்டீராய்டின் தேவையையும் குறைக்கிறது என்று காட்டிற்று. நோய் திடீரெனக் கடுமையாகும்போது, குருதியின் நீர்ப்பகுதியைப் பிரித்து எதிர்ப்பொருளை நீக்குவதும், கொடையாளர் பலரின் குருதியிலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலினை நரம்பூசி வழியே செலுத்துவதும் சில நாட்களில் பயன் தரும். பயன் சில வாரங்களே நிற்கும். அண்மை ஆண்டுகளில் இன்னும் குறிபார்த்துத் தாக்கும் புதிய மருந்துகளும் வந்துள்ளன. அவற்றின் விலைதான் நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மருத்துவர் தருவன இவ்வளவு. எஞ்சியது வீட்டிலும் பள்ளியிலும் நடக்க வேண்டியது. வருவாய்க்குத் தக்க செலவு என்று இல்லத்தரசியர் திட்டமிடுவதுபோல் நோயாளி தம் வலுவுக்குத் திட்டமிட வேண்டும். வலுவு மிகுந்திருக்கும் காலை வேளையில் கடினமான வேலையை முடித்துக்கொள்ளலாம். மாத்திரையை உணவுக்கு அரைமணி அல்லது முக்கால் மணி முன்னர் உட்கொண்டால், மெல்லும் நேரத்தில் அது துணைநிற்கும். முறுக்கும் வறுத்த கடலையும் சில நாட்களுக்கு ஒத்திவைத்து, குழைந்த சோறு, இட்டிலி, கூழ் போன்றவற்றைச் சிறுசிறு வேளைகளாக உண்ணுதல் நலம். உண்ணும்போது பேச்சு வேண்டாம். களைத்துக் கிடந்தபின் ஓய்வதைக் காட்டிலும், களைக்கும் முன்னரே ஓய்வது சிக்கனம். முற்றிலும் படுத்துக் கிடப்பதும் தவறு. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் மருத்துவர் இசைவோடு மென்மையான உடற்பயிற்சி செய்யலாம்.

நம் நாட்டில் தனித்து வற்புறுத்த வேண்டிய ஒன்று உண்டு. காய்ச்சல் என்றும் வயிற்றுப்போக்கு என்றும் மருந்துக்கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை விழுங்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. தசைக் களைப்பு நோயாளிக்கு இவ்வழக்கம் உயிருக்கே உலை வைக்கும். சிப்ரோபிளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், ஸ்டிரெப்டோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள், மலேரியாவுக்குரிய குவினைன், இதயத் துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள், நரம்பூசி வழியே செலுத்தும் மக்னீசியம் ஆகியவை நரம்புக்கும் தசைக்கும் இடையேயுள்ள அந்தக் கடவை மேலும் அடைக்கக்கூடியவை. இன்றியமையாத நேரத்தில் மருத்துவர் ஆராய்ந்து தருவது வேறு. தாமாக வாங்குவது வேறு. பல் பிடுங்குவதற்கும் அறுவை மருத்துவத்துக்கும் முன்னர் நோயைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்க மருந்தோடு கொடுக்கும் தசைதளர்த்திகள் இவர்களிடம் அளவு மீறி வேலை செய்யும். நோயின் பெயர், உண்ணும் மருந்துகள், விலக்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி எப்போதும் சட்டைப் பையில் வைத்திருத்தல் வேண்டும்.

உங்கள் வகுப்பில் இத்தகைய தோழரோ தோழியோ இருக்கக்கூடும். இமை தாழ்ந்திருப்பதால் பாடத்தில் உறங்குகிறாள் என்றும், சிரிக்காமையால் செருக்குடையவள் என்றும் எண்ணிவிடுதல் எளிது. மாடியில் உள்ள வகுப்பைக் கீழே மாற்றுதல், உரக்கப் படிக்கும் முறையைக் காலையில் கொடுத்தல், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்று மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியரை அணுகுதல் ஆகியவை பெரிய காரியங்கள் அல்ல. அவர்களிடம் நீண்ட கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை குழறும்போது சொற்களை நீங்களே முடித்து வைக்காமல் சற்றுக் காத்திருங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அவர்களிடமிருந்து விலகி அமர்வதும் வேண்டும். தொற்றுநோய் ஒன்று வந்தால் தசைத்தளர்ச்சி சட்டென்று கூடிவிடும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர்க்குத் தொற்றும் எளிதில் ஏறும்.

கடைசியாக, ஆபத்தை அறியும் முறை. மூச்சுத் தசைகள் தளர்வதே இந்நோயின் பெரும் ஆபத்து. முகத்தசையும் தளர்ந்திருப்பதால் நோயாளி மூச்சுக்குத் திணறுவது பார்ப்பவருக்குத் தெரியாமலே போகலாம். அமைதியாகப் படுத்திருப்பதுபோல் தோன்றுவார். அவரை ஆழ மூச்சிழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நலமுள்ள வளர்ந்தவர் ஏறத்தாழ ஐம்பது வரை எண்ணுவார். நோயாளி நலமாக இருக்கும் நாளில் எவ்வளவு எண்ணுகிறார் என்பதை வீட்டார் முன்னரே குறித்து வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கினாலும், இருபதை எட்டாமல் நின்றாலும், மல்லாந்து படுக்க இயலவில்லை என்றாலும், உமிழ்நீரையே விழுங்க முடியாமல் போனாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. வாய்வழியே எதுவும் ஊட்டாமல், சாய்வாக அமர வைத்து, செயற்கை மூச்சுக் கருவி உள்ள மருத்துவமனைக்கு அந்த இரவிலேயே கொண்டுசெல்ல வேண்டும். 108க்குத் தொலைபேசியில் பேசும்போதே நோயின் பெயரையும் மூச்சுக் கருவி தேவைப்படலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டைப் பையிலுள்ள சீட்டையும் மாத்திரைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.